வளர்ச்சிப் படிவத்தின் மூன்றாவது கட்டம்



போன மாசி மாதம் ஒரே கிழமைக்குள்ள எனக்கு இரண்டு செய்தி வந்தது. செவ்வாய்க்கிழமை வந்தது, நான் பகுதிநேரமா வேலை செய்யிற கோல் சென்டரின் மனிதவளப் பிரிவிடமிருந்து. 'நாளைய தலைவர்கள்' என்று ஆறு மாதப் பயிற்சித் திட்டம் தொடங்குகிறார்களாம், என்னுடைய மனேஜர் என்னைப் பரிந்துரை செய்திருக்கிறாராம், விருப்பமென்றால் ஒரு பக்கத்தில் என் 'வளர்ச்சிக் கதை'யை எழுதி அனுப்பட்டாம். வியாழக்கிழமை வந்தது வட்ஸ்அப்பில. எனக்கு இரண்டு மேசை தள்ளியிருக்கிற அக்கா அனுப்பியிருந்தா. "தங்கச்சி, அடுத்த புதன் என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கினம். ஒராளைக் கூட்டிக்கொண்டு வரலாமாம். நீர் வருவீரோ?"

முதல் செய்திக்கு நான் பத்து நிமிடத்தில் பதில் போட்டேன். இரண்டாவதுக்குப் பதில் போட ஒன்றரை நாள் எடுத்தது. இதை எழுத வெட்கமாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கட்டுரையே அந்த ஒன்றரை நாளைப் பற்றித்தான்.

அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து மாஸ்டர்ஸ் படிக்க வந்தவ. மாணவர் விசாவில படிப்பு நடக்கும் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அந்த இருபதையும் அவ எங்களோட போனில் கழிக்கிறா. எங்கட இலக்கு ஓர் அழைப்புக்கு ஆறு நிமிடம். அவவுக்கு ஒன்பதுக்குக் கிட்டப் போகும். காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். பில் விளங்காத வயசாளிகள் எடுத்தா அவ முழுக்கச் சொல்லி, பிறகு திருப்பிச் சொல்லி, "இப்ப நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ, என்ன செய்யப் போறீங்கள்?" என்று கேட்டுத்தான் போனை வைப்பா. நான் ஐந்தே முக்காலில் வைத்துவிடுவேன். அந்த வயசாளி பிறகு என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியாது.

எங்கட வேலையில் காலாண்டுக்கு ஒருக்கா 'வளர்ச்சித் திட்டம்' என்றொரு படிவம் நிரப்ப வேண்டும். மூன்று கட்டம். என் பலம் என்ன, நான் வளர வேண்டிய இடம் எது, இந்தக் காலாண்டில் நான் எடுக்கப்போகும் பொறுப்பு என்ன. ஆள் இலக்கைத் தொடவில்லையென்றால் கொடுப்பது 'முன்னேற்றத் திட்டம்'. அக்கா தன்ர படிவத்தைக் காட்டின போதுதான் பார்த்தேன், அது அதே படிவம். அதே மூன்று கட்டம். தலைப்பு மட்டும் வேறு. அதோட வந்த கடிதத்தில் ஒரு வசனம்: ஊழியர் தன் வளர்ச்சிக்குத் தானே பொறுப்பேற்கவில்லை.

அந்த வசனம் எனக்குப் பழக்கமானது. நீங்களும் கேட்டுத்தான் வளர்ந்திருப்பீர்கள். தமிழ்ப் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் டொக்டர் மாமா ஒருவர் மேடையேறிச் சொன்னது அதுதான். சனிக்கிழமை டியூஷன் வாசலில் அம்மாமார் கதைத்ததும் அதுதான். இப்போது அதையே பொட்காஸ்ட்டில் நல்ல குரலில் சொல்கிறார்கள்: தொழிலில் சிறக்க வேண்டுமா, முதலில் உன்னைச் செதுக்கு. விடிய ஐந்து மணிக்கு எழும்பு. நாட்குறிப்பு எழுது. நானும் செய்தேன், இப்பவும் பாதி செய்கிறேன். நாட்குறிப்பு எழுதுவதால் டிஸ்ஸர்டேஷனில் இரண்டு அத்தியாயம் முடிந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆகவே 'சுயமுன்னேற்றம் எல்லாம் முதலாளித்துவச் சதி' என்று ஒரு வரியில் முடிக்கிற கட்டுரையை நான் எழுதப்போவதில்லை. அப்படி எழுதுபவர்களில் பலருடைய லிங்க்ட்இன் என்னுடையதை விடப் பளபளப்பா இருக்கு.

எனக்கு ஒரு விசயம் இந்த வருடம்தான் தெரிய வந்தது, பாடத்துக்காக வாசிக்கும்போது. சுயமுன்னேற்றப் புத்தகங்களுக்கெல்லாம் பாட்டன் என்று சொல்லப்படுவது சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் வெளியிட்ட 'செல்ஃப் ஹெல்ப்'. விடாமுயற்சியால் உயர்ந்த மனிதர்களின் கதைகள். அந்தப் புத்தகம் எங்கே தொடங்கினது தெரியுமா? லீட்ஸ் நகரத்தில், கூலி வேலை செய்த இளைஞர்கள் இரண்டு மூன்று பேர் பின்னேரங்களில் ஒரு வீட்டில் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். ஆள் கூடக்கூட இடம் போதவில்லை. கடைசியில் கொலரா ஆஸ்பத்திரியாக இருந்த, வேறு எவரும் வாடகைக்கு எடுக்காத ஒரு பழைய அறையைப் பிடித்தார்கள். நூறு பேரளவில் சேர்ந்த பிறகுதான் ஸ்மைல்ஸைக் கூப்பிட்டு, வந்து கொஞ்சம் கதையுங்கோ என்று கேட்டார்கள். அது 1845 வாக்கில். அந்தப் பேச்சுகள்தான் வளர்ந்து புத்தகமானது. இதை ஸ்மைல்ஸே தன் முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

அந்தச் சங்கங்களுக்கு அந்தக் காலத்தில் இருந்த பெயர் பரஸ்பர முன்னேற்றச் சங்கம். பேச்சு புத்தகமாகும்போது 'பரஸ்பரம்' எங்கேயோ கழன்று விழுந்து 'சுயம்' அட்டைக்கு வந்துவிட்டது. நூறு பேர் சேர்ந்து வாடகை கட்டின அந்த அறை முன்னுரையில் ஒரு நன்றிக் குறிப்பாக நிற்கிறது, அவ்வளவுதான்.

எங்கட பக்கத்திலும் இதே மாதிரி அறைகள் இருந்தன. அப்பா 1991இல் லண்டன் வந்தவர், இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. ஆங்கிலம் எங்கே படித்தீங்கள் என்று கேட்டால் பள்ளிக்கூடத்தைச் சொல்ல மாட்டார். ஊரில் இருந்த சனசமூக நிலையத்தைச் சொல்லுவார். யாழ்ப்பாணத்தில் கிராமத்துக்குக் கிராமம் இருந்த வாசிகசாலைகள், சனசமூக நிலையங்கள் உங்களில் பலருக்கு அப்பா அம்மாவின் கதையாகத் தெரியும். பேப்பர் ஒன்றுதான் வரும், ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். அப்பாவுக்கு முன்வீட்டு அண்ணை ஒருவர் பின்னேரம் பின்னேரம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாராம், காசில்லாமல். இதை நான் ரொம்ப இனிப்பாக்கவும் விரும்பவில்லை. யார் அந்த வாங்கில் இருக்கலாம், யார் வாசலோட நிற்க வேண்டும் என்பதைச் சாதி முடிவுசெய்த வாசிகசாலைகளும் இருந்தன. அதையும் சேர்த்துத்தான் நினைவு வைத்திருக்க வேண்டும்.

மலையகத்தில் கோ. நடேசய்யர் செய்தது இன்னும் கடினமான வேலை. தோட்டத்துக்குள் வெளியாள் போக ஏலாத காலம். அவர் புடவை வியாபாரி மாதிரி வேசம் போட்டு உள்ளே போனார் என்று சொல்வார்கள். பத்திரிகை நடத்தினார், துண்டுப்பிரசுரம் அடித்தார், 1931இல் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கினார். மீனாட்சி அம்மாள் பாட்டெழுதித் தோட்டங்களில் பாடினார். சட்டம் என்ன சொல்லுது, உனக்கு வரவேண்டிய சம்பளம் எவ்வளவு என்பதை லயத்திலிருக்கிற ஒருவர் விளங்கிக்கொள்வது வளர்ச்சி இல்லையா? அதைவிடப் பெரிய 'திறன் மேம்பாடு' எனக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் 1925இல் தொடங்கின இயக்கத்துக்கு வைத்த பெயரையும் யோசித்துப் பாருங்கோ. சுயமரியாதை. அதிலும் 'சுயம்' இருக்கு. ஆனா அந்தச் சுயம் மேலே போகிற ஏணியைக் கேட்கவில்லை, நீ என்னைக் கீழே வைக்க ஆர் என்று கேட்டது.

அப்பாவிடம் இன்னொரு புத்தகமும் இருந்தது. எம். எஸ். உதயமூர்த்தி எழுதின 'எண்ணங்கள்'. பெற்றோல் ஷெட்டில் கல்லாவுக்குக் கீழே வைத்து வாசித்து அட்டை கழன்ற பிரதி. நான் கம்பஸ் போன புதிதில் அதைப் பார்த்து நக்கலடித்தேன். இரவு மூன்று மணிக்குக் கண்ணாடிக்குப் பின்னால் தனிய இருக்கிற ஒருவருக்கு, நீ நினைத்தால் முடியும் என்று தமிழில் ஒரு குரல் தேவைப்பட்டதை நான் அப்போது விளங்கிக்கொள்ளவில்லை. இதில் ஒரு வேடிக்கை: அந்த உதயமூர்த்தியே பிறகு 'மக்கள் சக்தி' என்று ஒரு இயக்கம்தான் தொடங்கினார். தனி மனித எண்ணம் மட்டும் காணாது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும்.

சரி, கோல் சென்டருக்குத் திரும்பி வாறேன். எங்கட பயிற்சி வீடியோக்களில் அடிக்கடி வரும் சொல் 'வளரும் மனப்பாங்கு'. இது கரோல் ட்வெக் என்ற உளவியலாளருடையது, 2006இல் 'மைண்ட்செட்' என்ற புத்தகமாக வந்தது. பிள்ளைகள் தோல்வியை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கின ஆராய்ச்சி. "நீ கெட்டிக்காரி" என்று புகழ்வதை விட, எடுத்த முயற்சியைப் பார்த்துச் சொல்வது நல்லது என்கிற கதை. டியூஷனில் 'மொக்கு' என்று பேச்சு வாங்கின பிள்ளை நான், அதனால் இந்த ஆராய்ச்சியோட எனக்குக் கோபமில்லை. வகுப்பறைக்குச் சொன்னதை வேலைத்தலத்துக்குக் கொண்டு வந்தபோது என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. 2014இல் மைக்ரோசொஃப்ட்டின் தலைமைக்கு வந்த சத்யா நாதெல்லா இதையே கொம்பனியின் பண்பாடாக அறிவித்தார். 2023 தை மாதம் அதே கொம்பனி 10,000 பேரை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அந்தப் பத்தாயிரம் பேரின் மனப்பாங்கும் வளராமலா இருந்தது? வகுப்பறையில் ஆசிரியை பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்துவதில்லை. தோல்வியைப் பற்றிப் பயப்படாதே என்று சொல்லும் உரிமை, தோல்விக்காக உன்னை வெளியில் அனுப்பக்கூடியவரிடம் இருக்கும்போது அந்தச் சொல்லின் அர்த்தமே மாறிப்போகுது.

காசுக் கணக்கையும் ஒருக்கா பார்ப்பம். 'உன்னில் நீயே முதலிடு' என்று சொல்கிறார்களே. இங்கிலாந்தில் என் வயசுக்காரருக்கு இளங்கலை லோன் திருப்பிக் கட்ட, வரம்புக்கு மேல் உழைக்கிற காசில் 9 சதவீதம் பிடிப்பார்கள். முதுகலை லோனுக்கு 21,000 பவுணுக்கு மேல் இன்னொரு 6 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் வரிக்கு மேலால் 15 சதவீதம். என் வளர்ச்சிக்கு நான் பொறுப்பேற்று ஆயிற்று, முப்பது வருடத்துக்கு.

வேறு மாதிரியும் நடந்திருக்கு, அதே நாட்டில். 1998இல் தொழிற்சங்கக் கற்றல் நிதி என்று ஒன்று தொடங்கினார்கள். அரசாங்கம் காசு கொடுத்தது, வகுப்பை ஒழுங்குபடுத்தினது தொழிற்சங்கம். வேலைத்தலத்திலேயே எழுத்து, கணக்கு, ஆங்கிலம், கணினி. கற்றல் பிரதிநிதி என்று ஒரு தோழர் இருப்பார், அவருக்கு 2002 சட்டத்தில் உரிமையும் கொடுத்தார்கள். எழுத்து வாசிப்புக் குறைவு என்று மனேஜரிடம் சொல்லப் பயப்படுகிற ஒருவர், பக்கத்து மேசைத் தோழரிடம் அதைச் சொல்லலாம். எவ்வளவு எளிய விசயம். இங்கிலாந்தில் 2021இல் அந்த நிதியை அரசாங்கம் நிறுத்திவிட்டது. எங்கட ஆட்களில் எத்தனை பேர் இதைக் கவனித்தோம்? நான் கவனிக்கவில்லை. அப்போது நான் இளங்கலை மாணவி, 'தலைமைத்துவ விருது' ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன்.

இங்கே எங்கட கூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், கோபிக்காதையுங்கோ.

போன வருடம் ஒரு தோழர் எங்கட கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தினார். "கொஞ்ச நாளைக்கு நான் என்னில வேலை செய்யப் போறன்" என்று குழுவில் ஒரு செய்தி. எங்களில் சிலர் அதைத் தனிக் குழுவில் போட்டுச் சிரித்தோம். நானும்தான். பிறகு ஒரு நாள் அவரை ஈஸ்ட்ஹாமில் கொத்துக் கடையில் கண்டு கதைத்தேன். இரண்டு வருடமாக ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கதிரை அடுக்கினவர், வான் ஓடினவர் அவர். அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் அவருக்கு என்ன சொல்லிக்கொடுத்தோம்? கூட்டத்தை நடத்த விட்டோமா? தமிழில் எழுத ஆசை, ஆனா பிழை விடப் பயம் என்றார். அதை இரண்டு வருடத்தில் ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. அவர் இப்போது கிழமைக்கு ஒருக்கா ஒன்லைன் 'கோச்' ஒருவருக்குக் காசு கட்டிக் கதைக்கிறார். லீட்ஸ் பெடியள் கொலரா அறையில் இலவசமாகச் செய்ததைத்தான் அவர் காசுக்கு வாங்குகிறார், ஏனென்றால் எங்கட அறையில் அது இருக்கவில்லை.

எங்கட சீவீக்களையும் எடுத்துப் பாருங்கோ. என்னுடையதில் 'சமூக அமைப்பாளர், 12 பேர் கொண்ட குழுவை வழிநடத்தினேன்' என்று இருக்கு. நடந்தது, நான் மே தினத்துக்கு ரோல்ஸ் ஓடர் பண்ணினேன். 'நாளைய தலைவர்கள்' திட்டத்துக்கு மனேஜர் என்னைப் பரிந்துரை செய்ததும் அந்த வரியைப் பார்த்துத்தான் என்று சந்தேகப்படுகிறேன். நாங்கள் வெளியே செய்கிற அரசியலைக் கொம்பனிக்குப் பிடித்த மொழியில் எழுதிக் கொடுக்கிறோம், அவர்களும் சந்தோசமாக எடுத்துக்கொள்கிறார்கள், அது அவர்களுடைய கட்டடத்துக்குள் வராதவரை.

அக்காவுக்குப் பதில் போட ஒன்றரை நாள் எடுத்தது இதனால்தான். தலைமைப் பயிற்சிக்குத் தெரிவானவள் அடுத்த கிழமை மனேஜருக்கு எதிர்ப்பக்கத்தில் போய் இருப்பதா? கடைசியில் சனிக்கிழமை காலமை "வாறன் அக்கா" என்று போட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது உங்களுக்கும் உதவும். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முறையான எச்சரிக்கை கிடைக்கக்கூடிய ஒழுக்காற்றுக் கூட்டத்துக்கு ஒரு சகவேலையாளையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ கூட்டிக்கொண்டு போகலாம். அந்தக் கொம்பனி தொழிற்சங்கத்தை அங்கீகரித்திருக்கத் தேவையில்லை. கூட வருபவர் உங்கள் பக்க நியாயத்தை எடுத்துச் சொல்லலாம், இடையில் உங்களோடு தனியக் கதைக்கலாம். உங்களிடம் கேட்ட கேள்விக்கு உங்களுக்குப் பதிலாக மறுமொழி சொல்ல மட்டும் ஏலாது. அவர் வர முடியாத நாளென்றால் ஐந்து வேலைநாளுக்குள் வேறு திகதி கேட்கலாம். கூட வந்ததற்காக அவரைத் தண்டிக்கவும் கூடாது. இன்னொன்று, விசாவில் இருக்கிறவர்களும் தொழிற்சங்கத்தில் சேரலாம். அக்கா இதை நம்பவேயில்லை. "விசாவை வெட்டிப் போடுவாங்கள் தங்கச்சி" என்றா. ஊரிலிருந்து வந்த இன்னும் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன், நாலு பேரும் அதையேதான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு முழுக்க அக்காவின் அறையில் இருந்து ஆயத்தப்படுத்தினோம். அவ புட்டு அவித்தா, நான் அவவின் ஆறு மாதக் கணக்கைப் பிரித்து எழுதினேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அவவின் அழைப்புகள் நீளம், சரி. ஆனா அவவோட கதைத்தவர்கள் அதே பிரச்சினைக்குத் திருப்பி எடுத்தார்களா என்ற கணக்கு எங்கள் கையில் இல்லை. கொம்பனியிடம் இருக்கும். என்னுடைய ஐந்தே முக்கால் நிமிடக்காரர்களின் கணக்கும் இருக்கும். அதைக் கேட்க எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

புதன்கிழமை கூட்டத்தில் இரண்டே கேள்விதான் முன்வைத்தேன். திருப்பி எடுத்தவர்களின் எண்ணிக்கை என்ன? ஆறு மாதத்தில் இவவுக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள்? முதலாவதுக்கு, அந்தத் தரவைக் கொண்டுவரவில்லை என்றார்கள். இரண்டாவதுக்கு, நாற்பது நிமிட வீடியோ ஒன்று, சொந்த நேரத்தில் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்ததாகச் சொன்னார்கள். தன் நேரத்தில், தன் கணினியில், சம்பளம் இல்லாமல் அந்த வீடியோவைப் பார்க்காததுதான் 'வளர்ச்சிக்குப் பொறுப்பேற்கவில்லை'. அக்கா அப்போது தன்ர ஆங்கிலத்தில் மெதுவாக ஒன்று சொன்னா: எனக்குப் போனில் வருகிற ஆட்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்கு ஆரும் அப்படிச் சொல்லித்தரவில்லை. மனிதவளப் பிரிவுப் பெண் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டா.

எச்சரிக்கை கொடுக்கவில்லை. மூன்று மாதம் நீட்டியிருக்கிறார்கள். பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன், ஆறு நிமிடம் இன்னும் ஆறு நிமிடம்தான்.

'நாளைய தலைவர்கள்' பற்றி எனக்கு வரவேண்டிய இரண்டாவது மின்னஞ்சல் இன்னும் வரவில்லை. மற்ற இருவருக்கு வந்துவிட்டது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கென்று என்னால் நிரூபிக்க ஏலாது. தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். படுக்கப் போகும்போது ஒவ்வொரு நாளும் யோசிக்கிறேன், அந்தப் பதவி உயர்வோட வருகிற காசு லோனுக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்று. அதை யோசிக்காத ஆள் மாதிரி உங்களுக்கு நடிக்க விருப்பமில்லை.

இப்போது ஞாயிறுகளில் அக்காவின் அறையில் ஐந்து பேர் கூடுகிறோம். சம்பளத் துண்டை எப்படி வாசிப்பது என்பதில் தொடங்கினோம். ஒருவர் எக்ஸெல் சொல்லித் தாறார், அக்கா எனக்குத் தமிழில் ஒற்று எங்கே மிகும் என்று சொல்லித் தாறா (இந்தக் கட்டுரையில் பிழை இருந்தால் அவவின் பிழை இல்லை). கொத்துக் கடையில் கண்ட தோழரையும் கேட்டிருக்கிறேன். வருவார் போலத்தான் இருக்கு.

இந்தக் காலாண்டு என் படிவம் போன கிழமை வந்தது. மூன்றாவது கட்டத்தில், நான் எடுக்கப்போகும் பொறுப்பு என்ற இடத்தில், 'தொழிற்சங்கப் பிரதிநிதிப் பயிற்சி' என்று எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தா. "நீர் இப்ப போடும்," என்றா. "நான் மூன்று மாதம் முடிய விட்டுப் போடுறன்."

மனேஜர் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.